நாலு பக்கமும் சரி, ஆனாலும் கோணல்: வீட்டு வேலையில் மூலை சேராதபோது பார்க்க வேண்டியவை

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கும்: “நாலு பக்கமும் அளந்துட்டோம் சார், பிளான்ல உள்ள மாதிரியே இருக்கு. ஆனா டைல்ஸ் ஒட்டும்போது கோணல் தெரியுது.” அளந்தவர் பொய் சொல்லவில்லை. நாலு பக்கமும் நிஜமாகவே சரியாகத்தான் இருக்கும். அவர் அளக்காமல் விட்டது ஐந்தாவது அளவு.

நாலு குச்சிகளை எடுத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்துப் பாருங்கள். குச்சிகளின் நீளம் மாறாமலே அது செவ்வகமாகவும் நிற்கும், சாய்ந்து இணைகரமாகவும் படுக்கும். மூலைக்கு மூலை குறுக்காக இன்னொரு குச்சி அடித்த பிறகுதான் அசையாமல் நிற்கும். மனை, அறை, நிலை, கேட், கட்டில் என்று நாலு பக்கம் உள்ள எதற்கும் இதேதான். கோட்பாடு இத்துடன் போதும், இனி வேலைக்கு வருவோம்.

கீழே வரும் அளவுகளில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கட்டுகிற நூலைக் கயிறு என்றே எழுதியிருக்கிறேன். மனையின் நாலு முளைகளுக்கும் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் பெயர் வைத்துக்கொள்வோம். அ-ஆ தெருப்பக்கம். ஆவுக்குப் பின்னால் இ, அவுக்குப் பின்னால் ஈ. மூலைக்கு மூலை போகும் மூலைவிட்டங்கள் அ-இ, ஆ-ஈ. குறுக்கு, குறுக்களவு என்று எழுதினாலும் இவைதான்.

## எதையும் இடிக்கும் முன், கருவியைச் சோதியுங்கள்

சுவரைக் குறை சொல்லும் முன் மூலைமட்டத்தைப் பாருங்கள். நேரான ஓரமுள்ள ஒரு பலகையில் மட்டத்தை ஒட்டி வைத்து பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. மேலே போகப்போக விரிந்தால், அந்த விரிசலில் பாதிதான் மட்டத்தின் பிழை. கீழே ஒரு தடவை விழுந்த மட்டத்தை நான் நம்புவதே இல்லை.

ரசமட்டத்துக்கும் இதே சோதனைதான். ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி வேறு பக்கம் ஓடினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது டேப். முனைக் கொக்கி தேய்ந்துபோன டேப்பில் 1 அடி குறியை முளையில் பிடித்து அளக்கும் பழக்கம் பல கொத்தனார்களுக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் மறுமுனையில் இருப்பவர் அந்த 1 அடியைக் கழிக்க மறந்தால் கதை முடிந்தது. ஒரு பக்கம் மிகச் சரியாக 1 அடி குறைகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம். துணி டேப் இழுத்தால் நீளும், அதனால் மனை மார்க்கிங்குக்கு இரும்பு டேப் மட்டும். நாலு பக்கத்தையும் குறுக்கையும் ஒரே டேப்பில் அளக்க வேண்டும். இரண்டு டேப் வைத்துத்தான் தீரவேண்டும் என்றால், முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: மார்க்கிங்கில் பக்கங்கள் சரி, மூலைக்கு மூலை சேரவில்லை

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் இது தெரிந்துவிட்டால் செலவே இல்லை. முளையைப் பிடுங்கி நடுவதோடு முடிந்துவிடும். அதனால் இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

முப்பதுக்கு நாற்பது மனைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 30, 40 என்றால் மூலைக்கு மூலை மிகச் சரியாக 50 அடி வரும், கணக்கே போட வேண்டாம். இருபதுக்கு முப்பது என்றால் 36 அடி, மேலே 5 நூல். மற்ற அளவுகளுக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, செல்பேசியில் வர்க்கமூலம் எடுங்கள்.

அளக்கும் வரிசை முக்கியம். எதிரெதிர்ப் பக்கங்களை முதலில், மூலைவிட்டங்களை அப்புறம். ஏன் என்பது கீழே இரண்டாவது கிளையில் தெரியும்.

### எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமமில்லை

வடிவம் இணைகரமாகச் சாய்ந்துவிட்டது. நாலு முளையையும் பிடுங்க வேண்டாம். தெருப்பக்கத்து அ, ஆ இரண்டையும் அப்படியே விட்டு, பின்பக்கத்து இ, ஈ இரண்டையும் சேர்த்து ஒரே அளவு, ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அ-இ நீளமாக இருந்தால் இ, ஈ இரண்டும் அ இருக்கும் பக்கமாக நகர வேண்டும். ஆ-ஈ நீளமாக இருந்தால் ஆ பக்கமாக.

எவ்வளவு நகர்த்துவது? மூலைவிட்டங்களின் வித்தியாசத்தை மூலைவிட்ட நீளத்தால் பெருக்கி, அசையாமல் விட்ட பக்கத்தின் இரு மடங்கால் வகுங்கள். தெருப்பக்கம் 30, ஆழம் 40, வித்தியாசம் 4 அங்குலம் என்றால்: 4 × 50 ÷ 60, அதாவது 3 அங்குலமும் சுமார் 3 நூலும். நகர்த்திய பிறகு ஆழம் 40 அடி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, குறுக்கை மறுபடி அளங்கள். பெரும்பாலும் ஒரே நகர்த்தலில் சேர்ந்துவிடும்.

50 அடி குறுக்கில் 2, 3 நூல் வித்தியாசத்தை நான் விட்டுவிடுவேன். அரை அங்குலம் என்றால் மறுபடி நகர்த்துவேன். கொத்தனார் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பின்னால் டைல்ஸ் ஒட்டுகிறவர் நன்றி சொல்வார்.

### எதிரெதிர்ப் பக்கங்கள் சமமில்லை, மூலைவிட்டங்கள் சமம்

மூலைக்கு மூலை சமமாக இருந்தால் மூலையெல்லாம் நேர் என்று நம்பி ஏமாறுகிற இடம் இதுதான். தெருப்பக்கம் 30 அடி, பின்பக்கம் 29 அடி 6 அங்குலம், இரண்டு பக்கவாட்டும் 40 அடி என்று வையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் அச்சு அசலாகச் சமமாக இருக்கும். ஆனால் அது செவ்வகம் இல்லை, சரிவகம். பின் மூலைகள் இரண்டும் தலா 3 அங்குலம் உள்ளே வந்திருக்கின்றன. குறுக்களவு மட்டும் பார்த்துவிட்டு ‘மூலை சேர்ந்துடுச்சு’ என்று எழுந்து போனால், இந்த 3 அங்குலம் கடைசி அறையில் போய் நிற்கும்.

காரணம் அநேகமாக டேப் பிடித்ததில் இருக்கும். குறுகிய பக்கத்தை வேறொரு ஆள் பிடித்து மறுபடி அளங்கள்.

### எதுவுமே ஒத்துப்போகவில்லை

ஒரு முளை மட்டும் நகர்ந்திருக்கும். ஒரு வேலையில் முந்தின நாள் மாலை எல்லாம் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை குறுக்கில் 7 அங்குலம் வித்தியாசம். மணல் இறக்க வந்த லாரி ஒரு முளையை இடித்துவிட்டுப் போயிருந்தது. குழி தோண்ட ஆள் நின்றுகொண்டிருந்தார்கள், ஆனாலும் அவர்களை நிறுத்திவிட்டு மறுபடி மார்க்கிங் போட்டோம். அதிலிருந்து, மண்வெட்டி தொடும் அன்று காலையில் ஒரு தடவை குறுக்கை அளக்காமல் நான் யாரையும் குழியில் இறக்குவதில்லை. முளைகளைக் குழி விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நட்டு, கயிறுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை மூலையாக வைத்துக்கொள்வது இன்னும் பத்திரம்.

முதலிலிருந்து போடுவதென்றால்: அ, ஆ இரண்டையும் 30 அடியில் நடுங்கள். அவிலிருந்து 40, ஆவிலிருந்து 50 அடி டேப்புகள் இரண்டும் சந்திக்கும் இடம் ஈ. ஆவிலிருந்து 40, அவிலிருந்து 50 சந்திக்கும் இடம் இ. இ-ஈ பக்கத்தை வேண்டுமென்றே அளக்காமல் விட்டுவைத்தோம் பாருங்கள், இப்போது அளங்கள். 30 வந்தால் முடிந்தது. அந்தக் கடைசிப் பக்கம்தான் உங்கள் வேலைக்குச் சாட்சி. அதையும் டேப் வைத்து நட்டுவிட்டால் சாட்சி இல்லாமல் போய்விடும்.

### 3-4-5 வைத்துத்தான் போட்டோம், ஆனாலும் விலகுகிறது

முறையில் தவறில்லை, அளவு சின்னதாகிவிட்டது. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை நேர். அப்படிப் பிடிக்கும்போது அந்த 5 அடியில் 2 நூல் பிசகினால், கோட்டை 40 அடிக்கு இழுத்ததும் 4 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். 9, 12, 15 அடி என்று பிடித்தால் அதே 2 நூல் பிசகு ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும். 30, 40, 50 என்று முழு மனைக்கும் பிடித்தால் அரை அங்குலம்கூட வராது. இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பெரிய முக்கோணமாகப் போடுங்கள்.

### தரை சரிவாக இருந்தால்

40 அடிக்குள் தரை 2 அடி இறங்குகிறது, டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டீர்கள் என்றால், படுக்கை அளவில் 5 நூல் குறைந்துவிடும். 4 அடி இறங்கினால் கிட்டத்தட்ட 2½ அங்குலம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு இறக்குங்கள்.

### எப்போது பொறியாளரைக் கூப்பிடுவது

குழி தோண்டியாகிவிட்டது, அடியில் போடும் மேட் கான்கிரீட் இன்னும் போடவில்லை என்றால் குழியை ஒரு பக்கம் அகலப்படுத்திக்கொள்ளலாம், மேஸ்திரியே பார்த்துக்கொள்வார். பில்லர் கம்பி நின்ற பிறகு கோணல் தெரிந்தால் நிறுத்திவிட்டு வடிவமைத்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பியைப் பைப் மாட்டி வளைத்து இழுத்து லைனுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. பார்க்க நேராகிவிடும், ஆனால் மேலிருந்து வரும் பாரம் நேராக இறங்க வேண்டிய இடத்தில் கம்பி மடிந்து நிற்கும். பெல்ட் (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) வரை வந்துவிட்டால், ஓர் அங்குலம் அளவிலான கோணலை மேலே செங்கல் சுவரில் ஓரளவு உள்வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பொறியாளர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## அறிகுறி 2: டைல்ஸில் கடைசி வரிசை ஆப்பு மாதிரி வெட்டுகிறது

ஒரு முனையில் 3 அங்குலம், மறுமுனையில் 1 அங்குலம். கதவைத் திறந்ததும் கண்ணில் படும். ஒட்டிய பிறகு சரிசெய்ய முடியாது, அதனால் ஒட்டும் முன் கல்லைச் சும்மா அடுக்கிப் பாருங்கள்.

அறையின் அகலத்தை இரண்டு முனையிலும் அளங்கள். அகலம் இரண்டு முனையிலும் சமம் என்றால் சுவர்கள் இணையாகத்தான் இருக்கின்றன. ஆரம்பித்த கோடுதான் சாய்ந்திருக்கிறது. வாசல் சுவரை ஒட்டி முதல் வரிசையை வைத்திருப்பார்கள், அந்தச் சுவர் பக்கச் சுவருக்கு மூலைமட்டமாக இருந்திருக்காது. கல்லை எடுத்துவிட்டு, நீளச் சுவருக்கு இணையாக அறையின் நடுவில் ஒரு கயிறு கட்டுங்கள். அதற்கு 3-4-5 வைத்துச் செங்குத்தாக இன்னொரு கயிறு. இந்தச் சிலுவையிலிருந்து ஆரம்பித்தால் சுவரின் குற்றம் கல்லுக்கு வராது.

அகலம் மாறுகிறது என்றால் அறையே சரிவகம். பூச்சு வேலை இன்னும் நடக்கவில்லை என்றால் பூச்சிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். உள்பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர். ஒரு முனையில் இரண்டு கோட் ஏற்றி அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரேயடியாகத் தடிமனாக ஏற்றினால் பூச்சு உதிரும். பூச்சு முடிந்துவிட்டது என்றால், ஆப்பு வெட்டு வரும் வரிசையைக் கட்டிலோ அலமாரியோ வரும் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். 2, 3 நூல் வித்தியாசத்தை சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் கல்லே மறைத்துவிடும்.

ஆப்பு இல்லை, ஆனால் கடைசியில் மெல்லிய துண்டு வருகிறது என்றால் அது கோணலே இல்லை. ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று விற்கும் கல் 600 மில்லிமீட்டர்தான், முழு 2 அடி இல்லை. 12 அடி அறை 3658 மில்லிமீட்டர். ஆறு கல் வைத்தால் 3600. மிச்சம் 58 மில்லிமீட்டருக்கு ஒரு கீற்று. ஆறாவது கல்லை விட்டுவிட்டு, நடுவில் ஐந்து முழுக் கல், இரண்டு ஓரத்திலும் சுமார் 329 மில்லிமீட்டர் துண்டு என்று பிரித்தால் கீற்று காணாமல் போகும், அறையும் சீராகத் தெரியும். ஜாயின்ட் இடைவெளியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாலு கல் கூடும் இடத்தில் ஜாயின்ட் ஒன்று விரிந்து ஒன்று மூடினால் கல்லின் மூலைவிட்டத்தை அளங்கள். 600 கல்லுக்கு இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 848½ மில்லிமீட்டர் வரவேண்டும். நாலு ஓரமும் 600 இருந்தும் மூலைவிட்டம் மாறினால் அது சதுரம் இல்லை, சாய்சதுரம். ஒரு பெட்டியில் நாலைந்து கல் அப்படி இருந்தால் ஒட்டாமல் கடைக்குத் திருப்புங்கள். ஒட்டிய கல்லைக் கடை வாங்காது.

## அறிகுறி 3: கதவு உரசுகிறது, பூட்டு சேரவில்லை

கதவு இழைக்கும் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். இழைத்த மரம் திரும்பி வராது. ஐப்பசி மழையில் உரசுகிறது என்று இழைத்துவிட்டு, பங்குனியில் விரலளவு சந்தோடு நிற்கும் கதவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

### எங்கே உரசுகிறது?

பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசி, கீழ்மூலை தரையில் இழுத்தால் கதவு தொங்கிவிட்டது. மேல் கீலின் திருகுகளை முதலில் பாருங்கள். ஆடினால் கழற்றி, ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து இறுக்கி, முன்பைவிட நீளமான திருகு போடுங்கள். பெரும்பாலும் இத்தோடு சரியாகிவிடும்.

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசினால் மரம் ஊறியிருக்கிறது. வெயில் வரும்வரை காத்திருங்கள். காய்ந்த பிறகும் உரசினால் இழைக்கலாம். இழைத்த ஓரத்துக்கு அன்றே பெயிண்ட் அடியுங்கள், முக்கியமாகக் கதவின் மேல்தலைப்புக்கும் அடிப்பக்கத்துக்கும். அந்த இரண்டு இடத்தையும் யாரும் கண்டுகொள்வதில்லை, தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது.

கீல் இறுக்கமாக இருந்தும் தலைப்புச் சந்து ஒரு முனையில் விரிந்து ஒரு முனையில் மூடியிருந்தால் மூலைவிட்டம் பாருங்கள். கதவுக்குத் தனியாக, நிலையின் உள்ளளவுக்குத் தனியாக. 7 அடிக்கு 3 அடி என்றால் 7 அடி 7 அங்குலம் 3 நூல் வரவேண்டும். கதவின் இரண்டும் சமம், நிலையின் இரண்டும் சமமில்லை என்றால் குற்றம் நிலையில்.

நிலை ஏன் சாய்கிறது? பழைய நிலைகளுக்குக் கீழேயும் ஒரு சட்டம் இருந்தது, நாலு பக்கமும் பூட்டி நிற்கும். இப்போது வாசற்கால் தவிர மற்ற அறைகளுக்குக் கீழ்ச்சட்டம் வைப்பதில்லை. மூன்று பக்கம் மட்டும் உள்ள நிலை, கான்கிரீட் போடும்போது காலை விரித்துவிடும். நிலையை நிறுத்தும் அன்றைக்கே கீழே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), இரண்டு மேல்மூலைகளிலும் குறுக்காகத் தலா ஒரு ரீப்பர் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சுவர் ஏறி, நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்பான ஹோல்ட்ஃபாஸ்டின் கான்கிரீட் இறுகும்வரை அவற்றைப் பிடுங்கக் கூடாது.

2, 3 நூல் வரை கதவின் தலைப்பை நிலைக்கு ஏற்றபடி சாய்வாக இழைத்துக்கொள்ளலாம். அரை அங்குலம் தாண்டினால் நிலையைப் பெயர்த்து மறுபடி நிறுத்துவதுதான் வழி. அது ஆசாரியும் கொத்தனாரும் சேர்ந்து செய்யும் வேலை, நீங்களாக இறங்க வேண்டாம்.

### மூலைவிட்டம் சமம், ஆனாலும் கதவு முழுதாகப் படியவில்லை

மேலே நிலையோடு ஒட்டுகிறது, கீழே ஓர் அங்குலம் வெளியே நிற்கிறது. மூலை நேராகத்தான் இருக்கிறது, ஆனால் நாலு மூலையும் ஒரே தளத்தில் இல்லை. முறுக்கு விழுந்திருக்கிறது. மூலைவிட்டம் அளந்தால் இது தெரியாது, கயிறுதான் காட்டும். நாலு மூலையிலும் ஆணி அடித்து, மூலைக்கு மூலை இரண்டு கயிறு இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். இடையில் 2 நூல் சந்து இருந்தால், ஏதோ ஒரு மூலை 4 நூல் விலகியிருக்கிறது. சந்தே இல்லாமல் ஒன்றையொன்று அழுத்தினால், பின்கயிற்றை முன்னால் மாற்றிக் கட்டிப் பாருங்கள், முறுக்கு எதிர்த்திசையில் இருந்தால் அப்போது தெரியும்.

நிலை நேர், கதவில்தான் முறுக்கு என்றால், சிறிய முறுக்குக்குக் கீலை நிலையில் ஒரு நூல், இரண்டு நூல் முன்பின் நகர்த்திப் பகிர்ந்துகொள்ளலாம். பெரிய முறுக்கு விழுந்த பலகையைச் சரிசெய்ய முடிந்ததாக நான் பார்த்ததில்லை. கதவை மாற்றுங்கள்.

### நன்றாக இருந்த கதவு திடீரென்று சேரவில்லை

வருடக்கணக்காக ஒழுங்காக மூடிய கதவு, மழைக்காலமும் இல்லாமல் உரச ஆரம்பித்தால், கதவைத் தொடாதீர்கள். நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பக்கத்திலேயே குறித்துவையுங்கள். சில வாரங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டினாலோ மூலைவிட்ட வித்தியாசம் கூடினாலோ, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய இடம் இது. வெடிப்பு ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு அகலமாக இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கவே வேண்டாம்.

## அறிகுறி 4: கேட் தொங்கித் தரையைக் கீறுகிறது

கீல் சரியாக இருந்தால், குறுக்குச் சட்டம் இல்லை அல்லது தப்பான மூலையில் இருக்கிறது. மரச்சட்டம் என்றால் கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து திறக்கும் பக்கத்து மேல்மூலைக்குப் போக வேண்டும். பாரத்தைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும். கம்பியோ, முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளோ போடுகிறீர்கள் என்றால் நேர்மாறாக, கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து திறக்கும் பக்கத்துக் கீழ்மூலைக்கு. கம்பிக்கு முட்டுக்கொடுக்கத் தெரியாது, இழுத்துப் பிடிக்கத்தான் தெரியும். கேட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, மூலைவிட்டங்கள் சமமான பிறகே அடியுங்கள் அல்லது முறுக்குங்கள். கீல் மாட்டிய தூணே சாய்ந்திருந்தால் வெல்டரை அழைத்துப் பயனில்லை, கொத்தனார் வரவேண்டும்.

ஜன்னல் கிரில்லும் இப்படித்தான். வெல்டிங் பட்டறையிலிருந்து வண்டியில் ஏற்றும் முன் குறுக்கு அளந்துவிடுங்கள். நாலுக்கு நாலு கிரில்லுக்கு 5 அடி 7 அங்குலம் 7 நூல்.

## அறிகுறி 5: மேசை, கட்டில் ஆடுகிறது

மேசையைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். அதே கால் தூக்கினால் குற்றம் மேசையில். தரையின் அதே இடத்தில் வேறு கால் தூக்கினால் குற்றம் தரையில். மேசைதான் என்றால், உயரமாக இருக்கும் காலை அறுக்கும் முன் மேலே சொன்ன கயிற்றுச் சோதனையைச் சட்டத்தில் செய்துபாருங்கள். முறுக்கு இருந்தால் மூலைத் திருகுகளைத் தளர்த்தி, மட்டமான தரையில் வைத்து அழுத்தி மறுபடி இறுக்கினால் பலசமயம் போய்விடும்.

கயிற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டே போனால் பின்னல் ஒரு குறுக்கில் அதிகமாக இழுக்கிறது. கயிற்றைத் தளர்த்தி, மூலைவிட்டம் சமமாக்கி, பொருத்தில் ஆப்பு இறுக்கிவிட்டு, இரண்டு குறுக்கிலும் மாறி மாறி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி 6: மனையின் பரப்பு பத்திரத்தோடு சேரவில்லை

பத்திரத்தில் ஒரு சதுர அடி, கையில் அளந்தால் இன்னொன்று. இங்கே பணம் இருக்கிறது, அதனால் நிதானமாகப் பாருங்கள்.

முதல் காரணம் கணக்குப் போட்ட முறை. மனை நேர்ச் செவ்வகமாக இல்லாதபோது, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது ஊரெங்கும் வழக்கம். முன் 30, பின் 24, இடது 40, வலது 42 என்றால் 27 × 41 = 1107 சதுர அடி என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டும்தான் சரியாக வரும். மற்ற வடிவங்களுக்கு எப்போதும் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. அதாவது நஷ்டம் எப்போதும் வாங்குகிறவருக்கு. கி.பி. 628இலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த முறையைத் ‘தூலம்’, மேலோட்டமான கணக்கு, என்று தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறார். இன்றும் இதை வைத்துக் கிரயம் பேசுகிறார்கள்.

அதே நாலு பக்கங்களோடு அ-இ மூலைவிட்டத்தையும் அளங்கள். 48 அடி வந்தால் உண்மையான பரப்பு சுமார் 1102. அதே பக்கங்களோடு மூலைவிட்டம் 40 அடி வந்தால் 1029தான். 1107இல் 78 சதுர அடி காணாமல் போகிறது, பக்கங்களில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை.

கணக்கு இப்படி: மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து வரும் மூன்று எண்களையும், பாதியையும் சேர்த்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 30, 42, 48க்குப் பாதி 60. கழித்தால் 30, 18, 12. 60 × 30 × 18 × 12க்கு வர்க்கமூலம் 623½. மற்ற முக்கோணம் 48, 24, 40க்கு 479. இரண்டையும் கூட்டுங்கள். சென்ட்டாக வேண்டுமென்றால் 435.6ஆல் வகுங்கள்.

இரண்டாவது காரணம் அளவு. பத்திரம் அடியில் இருக்கும், சர்வே துறையின் புலப்படம் (நில வரைபடம்) மீட்டரில் இருக்கும். மாற்றும்போது பிசகியிருக்கலாம். புலப்படத்தை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் புலத்தின் குறுக்கே ஓடும் கோடுகளைப் பாருங்கள், சர்வே துறையும் மூலைவிட்டத்தை வைத்துத்தான் நிலத்தை அளந்து வரைந்திருக்கிறது. மனை உட்பிரிவு ஆகியிருந்தால் உங்கள் உட்பிரிவின் அளவுதான் பார்க்க வேண்டும், மொத்தப் புலத்தின் அளவு அல்ல.

மூன்றாவது, எல்லைக்கல் நகர்ந்திருப்பது. பக்கத்து மனையோடு ஒட்டிய பக்கம் மட்டும் குறைந்து, மற்ற மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் இங்கே. இந்த நிலைக்கு வந்ததும் டேப்பைச் சுருட்டிவிடுங்கள். நீங்களாகக் கல்லைப் பெயர்ப்பதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் உங்கள் அளவைக் காட்டிச் சண்டை போடுவதும் வேண்டாம். அளந்து கல் காட்டும்படி மனுக் கொடுத்து, அரசு நில அளவையர் வரும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் உடன் நிற்கச் சொல்லுங்கள். தனியார் சர்வேயர் போடும் வரைபடம் உங்களுக்கு விவரம் புரிய உதவும், எல்லைத் தகராறு என்று வந்தால் துறையின் அளவைதான் நிற்கும். அரசு நில அளவையர் அளந்து முடித்து கல் நட்டதும், நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பத்திர நகலின் பின்னால் தேதியோடு குறித்து வையுங்கள்.